எதிர்க் கடைக்காரியின் நூல்

சீப்பை டெட்டால் தண்ணீரில் அலசுவாள் சரசா. கண் மட்டும் தெருவைத் தாண்டி எதிர்க் கடைக் கண்ணாடிக் கதவில் இருக்கும். "இன்னாத்துக்கு அவ இத்தினி தபா கை கழுவிகினே கீறா? கையா, கருவாடா?" யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொள்வாள்.

சென்னை நூம்பலில் பதினாறு வருடமாகப் பியூட்டி பார்லர் வைத்திருப்பவள். புருவம் திருத்துவதில் கை தேர்ந்தவள். நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மீதியை விரல்களில் பின்னி ஓட்டினால் ஒரு முடி தப்பாது. இவள் வாய் அடைபட்டிருப்பதால் வந்தவர்கள்தான் பேசுவார்கள்: மாமியார் சண்டை, மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதை எல்லாம். எதற்கும் "ம்" கொட்டுவதோடு சரி. அந்த "ம்"முக்காகவே வருகிறவர்கள் உண்டு.

எட்டு மாதம் முன்பு எதிரில் மோகனப்பிரியா கடை திறந்தாள். அவள் நூலைப் பல்லில் வைப்பதில்லை, கழுத்தில் மாட்டிக்கொள்கிறாள். எச்சில் படக்கூடாதாம். ஆளுக்கொரு துவைத்த துண்டு வேறு. சரசாவுக்கு வயிறு எரிந்தது. "இவ்ளோ நாளா என் எச்சி யார இன்னா பண்ச்சி?"

பண்ணியது எச்சில் அல்ல, கண். அந்த மாதமே சரசாவுக்கு மெட்ராஸ் ஐ வந்தது. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடையைத் திறந்தாள். நாலாம் நாள் ராதிகாவுக்குக் கண் சிவந்தது. பத்து வருட வாடிக்கை, கூடப் பிறக்காத தங்கை. ஒரு வார்த்தை கேட்காமல் எதிர்க் கடைக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தாலாவது தேவலை என்று இருந்தது சரசாவுக்கு.

இந்த வாரம் எதிர்க் கடை பூட்டிக் கிடந்தது. கதவில் ஒரு தாள்: 'எனக்குக் கண்வலி. ஐந்து நாள் கடை இல்லை.' ராதிகா தயங்கித் தயங்கித் தெருவைத் தாண்டி இங்கே வந்தாள். சரசாவுக்கு உள்ளம் குளிர்ந்தது, அவள் நாற்காலியில் உட்காரும் வரைக்கும்தான்.

"பாரேன்க்கா, நமக்கு ஒட்டிக்கப் போவுதுன்னு கடையவே சாத்திக்கினா. இன்னா நல்ல பொண்ணு!"

கண்வலி வந்தால்கூட அவளுக்குத்தான் நல்ல பேரா? சரசா சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினாள். அலமாரியிலிருந்து துவைத்த துண்டை எடுத்து விரித்தாள். புது நூலை முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாட்டினாள்.

"ஐயே, இது உனுக்கு எப்போ தெரியும்?"

ஒரு மாதமாகக் கதவைச் சாத்திக்கொண்டு தன் கெண்டைக்காலிலேயே பழகியது. அதை இவளிடம் சொல்வானேன்? நூல் சுத்தமாக ஓடியது. ஆனால் பல்லில் ஒன்றும் இல்லாததால் வாய் சும்மா இருக்கவில்லை. கேட்டே விட்டது.

"மெய்யாலுமே சொல்லு ராதிகா. அவ கை நல்லா கீதா, என் கை நல்லா கீதா?"

ராதிகா கண்ணைத் திறந்து, பதில் சொல்ல வாயெடுத்தாள். சரசா நூலை அப்படியே விட்டுவிட்டு, கழுவிய கையால் அந்த வாயைப் பொத்தினாள்.