வலது காது தெரிய

நான் தேய்க்கும் சப்பாத்தி கோணலாகப் போனால் என் கணவர், "என்ன, மாடர்ன் ஆர்ட்டா?" என்பார். அந்தச் சொல்லைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். 2003இல், அமெரிக்காவில் நாங்கள் இருந்த ஈஸ்ட் பிரன்ஸ்விக் ஊர் நூலகத்தில் அதே பெயரில் நான்கு சனிக்கிழமை இலவச வகுப்பு என்று நோட்டீஸ் பார்த்தேன். துணியில் பெயிண்ட் அடிக்கக் கற்றுக்கொடுப்பார்கள் என்று நினைத்து, பையில் இரண்டு பிரஷ் எடுத்துப் போனேன். அங்கே விளக்கை அணைத்துவிட்டு ஓவியங்களைத் திரையில் காட்டிப் பேசினார்கள். எழுந்து வெளியே வரக் கூச்சமாக இருந்ததால் உட்கார்ந்துவிட்டேன்.

மகள் வேறு ஊரில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். என் விசாவில் வேலைக்குப் போகக் கூடாது. கார் ஓட்டவும் தெரியாது. கடையில் 'தேங்க் யூ' சொல்வதோடு சரி, வாரக்கணக்கில் வெளியாள் யாரிடமும் பேச்சில்லை.

வகுப்பில் ஆசிரியை சொன்னார்: நூறு வருடத்துக்கு முன் ஐரோப்பாவில், அச்சு அசலாகப் படம் பிடிக்கிற வேலையைக் கேமரா எடுத்துக்கொண்டதாம். ரயிலும் மின்விளக்கும் வந்து வாழ்க்கையே மாறிவிட்டதாம். அப்படியிருக்க, ஒரே இடத்தில் நின்று பார்ப்பது மட்டும்தான் உண்மையா என்று ஓவியர்கள் கேட்டார்களாம். பத்தாவதோடு நின்ற எனக்குப் பாதி புரிந்தது.

மூன்றாவது வாரம் ஒரு பெண்ணின் முகத்தைக் காட்டினார்கள். மூக்கு பக்கவாட்டில், கண்கள் இரண்டும் நேராக. எல்லாரும் மௌனமாகப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தின வாரம்தான் கிரீன் கார்டுக்குப் போட்டோ எடுத்திருந்தோம். தோட்டைக் கழற்று, முகத்தைத் திருப்பு, வலது காது தெரிய வேண்டும், ஆனால் இரண்டு கண்ணும் தெரிய வேண்டும் என்று போட்டோக்காரர் பாடாய்ப் படுத்தியிருந்தார்.

"கடைசி கிளாஸ்ல ஒவ்வொருத்தரும் ஒரு படத்தைப் பத்திப் பேசணுமாம்," என்றேன் கணவரிடம்.

"நீயா? ஃபோன் அடிச்சாலே பாத்ரூமுக்குள்ள ஓடுற ஆளு!"

"பேசுவேங்க."

"பேசிட்டு வாங்க மேடம், பார்க்கலாம்."

'இந்தப் பெண் கிரீன் கார்டு போட்டோவில் இருக்கும் என்னைப் போலவே இருக்கிறாள்.' இதை ஆங்கிலத்தில் எழுதிவைத்து, பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அந்த ஒரு வாக்கியத்தை அந்த அறையில் சொல்லிவிட வேண்டும் என்று அந்த வாரம் முழுவதும் வேறு நினைப்பே இல்லை.

என் முறை வந்தது. 'ஷி' என்றேன். அதற்குமேல் வரவில்லை. ஆசிரியை என் முகத்தைப் பார்த்தார். நல்ல பெண்மணி. பரவாயில்லை, கேட்டுக்கொண்டிருந்தாலே போதும் என்று கனிவாகச் சொல்லிவிட்டு அடுத்த நாற்காலியைப் பார்த்தார். அவர் இன்னும் ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் சொல்லியிருப்பேன். தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

காரில் ஏறியதும், "என்ன, பேசினியா?" என்றார் கணவர்.

"ம். பேசினேன்."

"நிஜமாவா! என்ன சொன்ன?"

தமிழில் சொன்னேன். சிக்னல் பச்சையானதுகூடத் தெரியாமல் சிரித்தார்.

"சூப்பர் போ! எல்லாரும் சிரிச்சிருப்பாங்களே?"

"சிரிச்சாங்க."

"டீச்சர்?"

"அவங்கதான் ரொம்ப சிரிச்சாங்க."

வீட்டுக்கு வந்ததும் மகளுக்கு ஃபோன் போட்டு, அம்மா கிளாஸையே சிரிக்க வைத்த கதையைச் சொன்னார். பிறகு ஃபோனை என்னிடம் நீட்டினார். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய் நின்றேன்.