பூட்டை உடைத்தவரின் மகன்

பாட்டாவை எனக்குப் பிடிக்காது. அப்பாவின் அப்பாவான அவர், நான் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனாலும் எங்கள் வீட்டில் அவருக்கு ஓய்வே கிடையாது. வாய்ப்பாட்டை மறந்தால், "பூட்ட உடைச்சவருக்க பேத்தியா இது!" என்பார்கள். பாகற்காயைத் தட்டில் ஒதுக்கினாலும் அதே பேச்சு. பாகற்காய்க்கும் பூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் அதற்கும் ஒரு குட்டு விழும்.

பூட்டு விஷயம் இதுதான். ஒரு மழைக்காலத்தில் நெய்யாறு கரைமீறி வந்து செங்கல் என்ற ஊர்ப் பக்கத்து வயல்களையும் குடிசைகளையும் மூழ்கடித்தது. சனங்கள் மூன்று நாள் பட்டினி. சர்க்கார் நெல் குவிந்து கிடந்த அறைப்புரையோ பூட்டிக் கிடந்தது. அங்கே எழுத்து வேலை பார்த்த பாட்டா, திருவனந்தபுரத்து உத்தரவுக்குக் காத்திராமல் கோடரியால் பூட்டை உடைத்து நெல்லை அள்ளிக் கொடுத்தார். விசாரிக்க வந்த அதிகாரியிடம், "நான்தான் செய்தேன்" என்று ஒத்துக்கொண்டார். தண்டனை வரும் என்று எல்லோரும் பயந்திருக்க, மகாராஜா மெச்சி, கையில் பொன் வீரசங்கிலி போட்டு அனுப்பிவிட்டார். பாறசாலையிலிருந்து காட்டாக்கடை வரை இந்தக் கதை தெரியாதவர் இல்லை. ஒவ்வொரு ஊரிலும் கோடரி மட்டும் கொஞ்சம் பெரிதாகியிருக்கும்.

எனக்கு ஒன்பது வயதானபோது, மகாராஜாவின் சபைக்கு எங்கள் தாலுகாவிலிருந்து ஆள் தேர்ந்தெடுக்கும் சமயம் வந்தது. அப்பா நின்றார். அவருக்குப் பேச ஒரு விஷயம் இருந்தது. நெய்யாற்றுத் தண்ணீரைக் கால்வாய் வெட்டிச் செங்கல் வயல்களுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது. அதற்காக வெயிலில் நடந்து நடந்து மேடு பள்ளம் பார்த்து, படம் வரைந்து, பதினாறு பக்கத்துக்குப் பிரசங்கம் எழுதி வைத்திருந்தார். எனக்கு அது மனப்பாடம். அவர் வாசித்துக் காட்ட வீட்டில் வேறு யாரும் உட்கார்ந்து கொடுக்கவில்லை.

வெளியிலும் அதே கதைதான். கரம் கட்டுகிறவர்களுக்கு மட்டுமே ஓட்டு என்பதால் அப்பா அவர்கள் வீடுகளுக்கு வில்வண்டியில் போனார். என்னையும் ஏற்றிக்கொள்வார். மோர் வரும், முறுக்கு வரும். அப்பா படத்தை விரித்து, "இந்தக் கால்வாய்…" என்று ஆரம்பிப்பார். வீட்டுக்காரர் அதன்மேல் வெற்றிலைத் தட்டை வைத்துவிட்டு, "அது கெடக்கட்டும், அந்தக் கோடாலி இப்பமும் வீட்டில உண்டுமா?" என்பார்.

இந்த ஊர்வலத்துக்கெல்லாம் பொறுப்பாளர் மாமா, அம்மையின் தம்பி. அவருக்குப் பாட்டாவின் கதை போதும், அப்பாகூடத் தேவையில்லை. "அத்தான், கால்வாய பொறவு வெட்டலாம். மொதல்ல பூட்ட உடையுங்க" என்பார். அப்பா பல்லைக் கடிப்பார்.

கடைசிக் கூட்டம் உதியன்குளங்கரையில், ஒரு மாலைப்பொழுதில். முதலில் எழுந்த மாமா, பாட்டா கழுத்தளவு வெள்ளத்தில் நீந்தி வந்ததாகச் சொன்னார். நீந்தும்போது கோடரியைப் பல்லில் கடித்திருந்தாராம். சனம் ஆரவாரித்தது. அப்பா எழுந்து, "செங்கல் வயல்கள்…" என்று தொடங்கியதும் பின்னாலிருந்து ஒருவர், "பூட்டுக் கதய இன்னொருக்கா பறையும்!" என்று கத்தினார்.

அப்பா பதினாறு பக்கத்தையும் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அவர் முகம் சிவந்துவிட்டது.

"எனக்க அப்பா பூட்ட உடைக்கல்ல. அண்ணைக்கு அவரு காய்ச்சல்ல அனங்காம கெடந்தாரு. பக்கத்தில இருந்து நெத்தியில துணி நனைச்சுப் போட்டவன் நானாக்கும். உடைச்சது அறைப்புரைக் காவல்காரன் முத்தன். அன்னா நிக்காரு, கேட்டுப் பாருங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற முத்தன் கிழவர் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"அய்யோ, நான் இல்ல. பெரிய ஏமானாக்கும் உடைச்சது. எனக்க ரெண்டு கண்ணால கண்டேன்."

மாமா பாய்ந்து எழுந்தார். "கண்டேளா! தகப்பனுக்க புண்ணியத்தைக்கூட ஏழைக்கு எழுதிக் குடுக்க மனசாக்கும் இது!" கைதட்டலில் வண்டி மாடுகள் மிரண்டன. அப்பா, "கேளுங்க, கேளுங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். அவரைத் தோளில் தூக்கிவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உண்மையைச் சொன்ன அப்பாவைப் பொய்யராக்கிய கிழவரை என்ன செய்தால் தகும் என்று இரவெல்லாம் யோசித்தேன்.

மறுநாள் காலையில் கிழவரே வந்தார். வாசலுக்கு வராமல் பின்பக்கம் கிணற்றடியில் நின்றார். நான் அங்கேதான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்ததும் கிழவர் அழுதுவிட்டார்.

"இனி அதப் பறையப்பிடாது ஏமானே. பேரனுக்கு இப்பதான் சர்க்கார் தபால் சுமக்குற அஞ்சலோட்டத்தில வேலை கெடைச்சிருக்கு. சர்க்கார் பூட்ட உடைச்ச கள்ளனுக்க பேரன்னு எவனாவது எழுதிப்போட்டா பய தெருவில நிப்பான்."

"நீரு செய்தது நல்ல காரியம்லா?" என்றார் அப்பா.

"அப்பிடித்தான் நானும் நெனச்சேன். வெலங்கு மாட்ட ஆள் வருதுன்னு கேட்டு பெரிய ஏமானுக்க கால்ல போய் விழுந்தேன். காய்ச்சலோட எழும்பி உக்காந்தாரு. 'ஒனக்கு எத்தன பிள்ளையளு?'ன்னு கேட்டாரு. அஞ்சுன்னேன். 'அப்பம் உடைச்சது நானாக்கும், கேட்டியா'ன்னாரு."

அப்பா கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. எனக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் வேண்டியிருந்தது. அவரோ நகர்கிற வழியாக இல்லை.

அப்பா ஜெயித்தார். தாலுகாவில் அதுவரை யாருக்கும் விழாத அளவு ஓட்டு என்று மாமா சொல்லித் திரிந்தார். மாலைகளோடு வந்தவர்களில் ஒருவர், "அண்ணைக்குக் கூட்டத்தில எங்களச் சோதிச்சதுதானே? உள்ளதச் சொல்லும். உடைச்சது உங்க அப்பாதானே?" என்று கேட்டார்.

அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். "ஓம், அப்பாதான்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரே பொய் சொன்னபோது ஒற்றை ஆளாக நின்றவர், ஜெயித்ததும் இப்படியா! இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. மூன்றாம் நாள் சபைக்குப் புறப்பட்டபோது, வண்டியில் ஏறி வழியனுப்ப வரச்சொல்லிக் கூப்பிட்டார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கிணற்றடியில் கிழவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்துதான் இருந்தது. ஆனாலும் அப்பா பதவிக்காகவே பொய் சொல்லக் கற்றுக்கொண்டார் என்று பல வருடம் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன்.