சமையலறைப் பக்கத் தாழ்ப்பாள்

வென்டல் நியெமி யாரிடமும் எதுவும் கேட்க மாட்டான். இருபத்திரண்டு வருஷமாக அவனுக்கு எதிர்வீட்டில் இருக்கிறேன், ஒரு ஏணிகூட இரவல் கேட்டதில்லை. டுலூத் நகரத்துக்குப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். தெருவில் தள்ளும்போது அந்தப் பனியெல்லாம் என் வாசலில் குவியும். வேலை முடிந்ததும் மண்வாரியோடு வந்து அவனே வெட்டிப் போடுவான். நன்றி சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அப்படிப்பட்டவன் போன மார்ச்சில் என் கதவைத் தட்டி, "பலகை புடிக்க ஒரு ஆள் வேணும், வர்றியா?" என்றதும் கோட்டை மாட்டிக்கொண்டு அப்போதே கிளம்பினேன்.

அவன் தம்பி ரோட்னி சிறையிலிருந்து வரப்போகிறான். பதினேழு வருஷத்துக்கு முன்னால் மதுக்கடைச் சண்டையில் அவன் அடித்த அடியில் ஒருவன் செத்துப்போனான். வெள்ளிக்கிழமைக்குள் வென்டல் வீட்டுக்கு அடியிலிருக்கும் பேஸ்மென்ட் முறையான படுக்கையறை என்று நகராட்சி கையெழுத்துப் போட்டால், ரோட்னி அண்ணன் வீட்டுக்கு வரலாம். இல்லாவிட்டால் மினியாபொலிஸில் விடுதலையானவர்களுக்கான விடுதிதான்.

"அங்க போனா பழைய கூட்டாளிங்க ஒரே வாரத்துல மோப்பம் புடிச்சிருவாங்க. அப்புறம் அவன் திரும்பி உள்ளதான் போவான்," என்றான் வென்டல். ஒரே மூச்சில் அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

அவன் மனைவி லோர்னா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். ரோட்னியைச் சிறைக்குப் போய் ஒருநாளும் பார்த்ததில்லை. வரட்டும் என்றாள், ஆனால் ஒரு நிபந்தனையோடு. பேஸ்மென்ட் படி ஏறிவரும் கதவுக்குச் சமையலறைப் பக்கம் தாழ்ப்பாள் வேண்டும். வென்டலே வாங்கிவந்து பொருத்தினான். லோர்னாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வீட்டில் படுக்கப்போவது அவள்தானே.

எங்கள் தெருவில் பாதிப் பேர் நகராட்சிக்கு மூச்சுக்காட்டாமல் பேஸ்மென்ட்டை அறையாக்கிக்கொண்டவர்கள்தான். இன்ஸ்பெக்டர் வருவது எங்களுக்குப் புதுசு. தீப்பிடித்தால் ஆள் ஏறி வெளியே போகிற அளவுக்கு ஜன்னல் இருக்கணும், அதன் அடிவிளிம்பு தரையிலிருந்து நாற்பத்துநான்கு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தோம். வென்டல் அடிக்கொரு தரம் டேப்பை நீட்டி அளந்தான். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஓடிப்போய் அளந்தான். "யோவ், ஜன்னல் ராத்திரியில வளந்துராதுய்யா," என்றேன். சிரிக்கவில்லை.

புதன்கிழமை காலையில் இன்ஸ்பெக்டர் வந்தாள். கெஸ்லர் என்று பெயர், சின்ன வயசுதான். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், அளந்தாள். நாற்பத்துமூன்றரை. வென்டல் சுவரில் சாய்ந்துகொண்டான். அப்பாடா என்று எல்லோரும் மேலே வந்தோம். கெஸ்லர் கதவருகில் நின்றுவிட்டாள்.

"இது என்ன?"

தாழ்ப்பாளை விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"கீழ ஒரு மனுஷன் தூங்குவாரு. நீங்க மேல தாழ்ப்பா போடுவீங்களா?"

"ஜன்னல் இருக்கேம்மா," என்றான் வென்டல்.

"தீப்பிடிச்சா அது ரெண்டாவது வழி சார். இதுதான் முதல் வழி. இத எடுக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன். திரும்ப வரணும்னா அடுத்த செவ்வாய்தான்."

அடச்சே! ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த எங்களில் ஒருத்தருக்கும் கதவு தோன்றவில்லை. வென்டல் லோர்னாவைப் பார்த்தான். கேட்கவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வாயத் தொறந்து கேளேன்யா!"

"நீ சும்மா இரு," என்றாள் லோர்னா. "எதிர்வீட்டுல போய் நிம்மதியாத் தூங்குறவன் நீ." பிறகு புருஷனிடம் திரும்பினாள். "நாளைக்கு எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"ஆகாதுன்னுதான் நெனைக்கிறேன். சத்தியமாத் தெரியல, லோர்னா."

ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம். லோர்னா அவனை முறைத்துப் பார்த்தாள். அப்புறம் அவன் இடுப்பிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை உருவித் தாழ்ப்பாளைக் கழற்றத் தொடங்கினாள். நாலு திருகு. உதவிக்குப் போன வென்டலை முழங்கையால் தள்ளிவிட்டாள். கெஸ்லர் கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை ரோட்னி வந்தான். வென்டல்தான் அவனைக் கீழே கூட்டிப்போனான், சாப்பாட்டுக்கும் போய் அழைத்து வந்தான்.

சனிக்கிழமை காலை பனி கொட்டியதால் வென்டல் வண்டிக்குப் போய்விட்டான். லோர்னா எனக்குப் போன் செய்தாள். "காபி போட்டிருக்கேன், வர்றியா?" குரலே சரியில்லை. செருப்போடு ஓடினேன்.

"படியேறி வந்தான்," என்று கிசுகிசுத்தாள். "கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கிறான். கால்மணி நேரமாச்சு. தட்டவும் இல்ல, கூப்பிடவும் இல்ல."

இருவரும் கைப்பிடியையே பார்த்தோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அடுப்பிலிருந்த வாணலியைக் கையில் எடுத்துக்கொண்டேன். லோர்னா என்னை ஒதுக்கிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவை இழுத்தாள்.

மேல்படியில் ரோட்னி நின்றான். முகம் கழுவி, தலைவாரி, கைகளைத் தொங்கவிட்டு, நேராக நின்றான்.

"ஏன் இங்கயே நிக்கிற?" என்றாள் லோர்னா.

"யாராவது வந்து தெறப்பாங்கன்னு நின்னேன், அண்ணி."

"பூட்டவே இல்லையே ரோட்னி."

அவன் கைப்பிடியைப் பார்த்தான். "பதினேழு வருஷமா எந்தக் கதவையும் நான் தெறந்ததில்ல அண்ணி. தோணவே இல்ல."

லோர்னாவுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும்தான். வாணலியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"தினமும் இப்படி நின்னா காபி ஆறிப்போயிரும்," என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அவன் முகத்துக்கு எதிரே கதவை மறுபடி சாத்தினாள். "இப்ப நீயே தெறந்துட்டு வா."

அவன் திறக்கும்வரை நாங்கள் இருவரும் அசையாமல் நின்றோம்.