வேல்ஸுக்குப் போன சிவப்புத் துண்டு

நன்னிலத்துக்குப் பக்கத்தில் பிறந்தவள் மழையைக் குறை சொல்லக் கூடாது. ஆனாலும் சொல்கிறேன், எங்கள் ஊர் மழை எனக்குப் பிடிக்காது. ஐப்பசியில் வந்தால் நட்ட பயிரை மூழ்கடித்துவிட்டுத்தான் போகும். தையில் வந்தால் அறுக்கிற கதிரைச் சாய்க்கும். வேல்ஸில் பெய்வது வேறு மழை. பூவாளியில் தெளித்தாற்போல வருஷம் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும், யார் குடியையும் கெடுக்காது. அந்தத் தூறலில் நனைந்தபடி வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்ற காலத்தை நினைத்தால் இப்போதும் மனம் அங்கே ஓடிவிடுகிறது. வெளிநாட்டுக்குப் போனவர்கள் சொந்த ஊரை நினைத்து ஏங்குவார்கள் என்பார்கள். நான் சொந்த ஊருக்குத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டை நினைத்து ஏங்குகிறேன். என் புத்தி எப்போதும் எதிர்ப் பக்கம்தான் போகும்.

மேற்கு வேல்ஸில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் இருபது வருஷத்துக்கு மேல் நர்ஸாக இருந்தேன். ஆடு வளர்க்கும் வயதான குடியானவர்கள்தான் அங்கே அதிகம் வருவார்கள். நினைவு தடுமாறத் தொடங்கினால் முதலில் அவர்களை விட்டுப் போவது ஆங்கிலம். தாய்மொழியான வேல்ஷ் மட்டும் மிஞ்சும். லண்டன் பக்கத்திலிருந்து வந்த டாக்டர் கேட்பது அவர்களுக்குப் புரியாது, அவர்கள் முனகுவது டாக்டருக்குப் புரியாது. நடுவில் நான் மாட்டிக்கொள்வேன். உட்கார், விழுங்கு, கையை நீட்டு என்று சில சொற்களைக் கற்றுக்கொண்டேன். சாப்பிடு என்பதற்கு ‘புயிட்டா’. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைக்கிறவர்களை நான் சும்மா விடமாட்டேன். நெல்லை விளைவித்துவிட்டுப் பட்டினி கிடந்த வீட்டில் பிறந்தவளுக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. “புயிட்டா! புயிட்டா!” என்று தலைமாட்டில் நின்று அதட்டுவேன். அவர்களும் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிடுவார்கள். கடைசியில் அந்த வட்டாரத்தில் எனக்குப் ‘புயிட்டா நர்ஸ்’ என்றே பேராகிவிட்டது.

கணவர் இறந்த பிறகு அங்கே நானும் மகளும்தான். போன வருஷம் அப்பா வரப்பில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். பார்த்துக்கொள்ள நான் ஊருக்கு வந்தேன், மகள் அங்கேயே இருந்துவிட்டாள். அவள் பிறந்தது, படித்தது எல்லாம் அங்கே. வேல்ஷ் மொழியில் பாடம் நடத்தும் ஒரு மலைக் கிராமப் பள்ளியில் டீச்சர். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், அதனால் பள்ளியை மூடப்போகிறோம் என்று பழைய ஆட்சியின் காலத்திலேயே பேச்சு அடிபட்டது. மூடினால் அவளுக்கு வேலை போகும். “போனா போவுது, சென்னைக்கு வந்து வேற வேல தேடிக்க” என்று நான் நச்சரித்துக்கொண்டிருந்தேன். “என் ஊரு இதுதாம்மா” என்பாள். கேட்கும்போதெல்லாம் சுருக்கென்று தைக்கும். கூடவே பயமாகவும் இருக்கும். நீ அதை உன் ஊர் என்கிறாய், சரி. அந்த ஊர் உன்னை அதன் பெண் என்று சொல்லுமா?

நான் இப்படிப் பயந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கம் புது முகத்தைப் பார்த்தால் முதலில் கேட்பது, “யாரு மவ நீ?” என்றுதான். சிரித்துக்கொண்டு, அன்பாகத்தான் கேட்பார்கள். பதிலைச் சொன்னதும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். அதற்கப்புறம் அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று என்று நாம் தேட வேண்டியிருக்கும். அப்பா பண்ணையில் ஆளாக இருந்தவர். செங்கொடி பிடித்துக் கூலி கேட்டவர். இன்றைக்குச் சொந்தமாக நிலம் வைத்து, கட்டிலில் இருந்தபடியே ஆள்விட்டுக் குறுவைக்கு நாற்று விடுகிறார். ஆனால் கேள்வி மட்டும் மாறவில்லை. “வெளிநாட்டுல இருந்தேங்க” என்று சொல்லி நழுவ நான் கற்றுக்கொண்டேன்.

வேல்ஸின் தலைநகரம் கார்டிஃபில் ஆட்சி மாறிய செய்தி வந்த நாளில், எங்கள் தெருச் சுவர்களிலும் இங்கே நடந்த தேர்தலின் சின்னங்கள் இன்னும் அழியாமல் இருந்தன. அப்பாவுக்கு வேல்ஸ் அரசியல் நன்றாகவே தெரியும். இங்கிலாந்து வேறு, வேல்ஸ் வேறு என்று அவருக்குப் புரியவைக்க நான் முன்பு பட்ட பாடு கொஞ்சமில்லை. நமக்கு டெல்லியும் சென்னையும் போல அவர்களுக்கு லண்டனும் கார்டிஃபும் என்றேன். “அப்ப தண்ணிச் சண்டையும் இருக்குமே?” என்றார். இருந்தது என்றேன். ஒரு பள்ளத்தாக்கை, வீடும் கோயிலும் பள்ளிக்கூடமுமாக அப்படியே மூழ்கடித்து அணை கட்டி, இங்கிலாந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டு போன கதையைச் சொன்னேன். மேட்டூர் எப்போது திறக்கும் என்று ஒவ்வொரு வருஷமும் வானத்தையும் பேப்பரையும் மாறி மாறிப் பார்க்கிற மனுஷன். “அடப்பாவிங்களா!” என்று கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து அப்பா வேல்ஸ் பக்கம்.

சாயங்காலம் மகள் வீடியோவில் வந்தாள். முகமெல்லாம் பல். வருஷக்கணக்காக ஆண்டுகொண்டிருந்த கட்சி போய்விட்டது, புதிதாக வந்தவர்கள் வேல்ஷ் மொழி, வேல்ஸின் பெருமை என்று பேசுகிறவர்கள், பள்ளி பிழைத்தாலும் பிழைக்கும் என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மண், மொழி என்று பேச ஆரம்பித்தால் யார் உள்ளே, யார் வெளியே என்று அடுத்து எண்ணத் தொடங்குவார்கள் என்பது என் அனுபவம். “நீ முன்னால போயி நிக்காத. அவங்க பாஷைக்கு அவங்களே பேசிக்கட்டும்” என்றேன்.

அப்பா போனைப் பிடுங்கினார். “ஒங்கம்மா கெடக்குறா. புது எம்எல்ஏவப் போயிப் பாத்தியா? மொதல்ல ஒரு துண்டப் போத்தணும். போத்திட்டு அப்புறம் கேக்கணும். வெறுங்கையோட போனா எவன் காது குடுப்பான்?”

இங்கே ஆட்சி மாறினால் நடப்பது இதுதான். வாய்க்கால் தூர்வாரவோ, கொள்முதல் நிலையத்தில் மழைக்குத் தார்ப்பாய் கேட்கவோ, எதற்குப் போனாலும் முதலில் ஒரு துண்டு. அங்கே அந்த வழக்கமெல்லாம் இல்லை, பைத்தியக்காரி என்று நினைப்பார்கள் என்று நான் கத்தினேன். தாத்தாவும் பேத்தியும் என்னைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

அடுத்த வாரம் நடந்ததை மகள்தான் சொன்னாள். அவள் தொகுதியில் ஜெயித்த புது உறுப்பினர் ஊர் மன்றத்துக்கு வந்திருக்கிறார். பெற்றோர்கள், டீயும் கேக்கும், ஓர் ஓரத்தில் மடக்கு நாற்காலிகள். எனக்கு அந்த மன்றம் தெரியும். ஈரக் கோட்டு வாசனையும் ஹீட்டர் சூடும் கலந்து அடிக்கும் இடம். அதைச் சொல்லும்போதே அங்கே போய் நிற்க வேண்டும் போலிருந்தது. இவள் எல்லாருக்கும் முன்னால் எழுந்து போய், பையிலிருந்து துண்டை எடுத்து உதறி, அந்த மனிதரின் தோளில் போர்த்திவிட்டாள். போன முறை அவள் இங்கே வந்தபோது, “குளுருக்குக் கழுத்துல சுத்திக்க” என்று அப்பா கொடுத்தனுப்பிய அவருடைய சொந்தத் துண்டு. நல்ல ரத்தச் சிவப்பு.

மன்றத்தில் எல்லாரும் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்களாம். தோற்றுப்போன கட்சியின் நிறம் சிவப்பு. ஜெயித்தவர் கழுத்தில் தோற்றவர் நிறத்தைக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறாள் என் பெண்! எங்கள் ஊராக இருந்தால் நாற்காலி பறந்திருக்கும். துண்டு என்றால் நிறம் பார்த்துப் போர்த்த வேண்டும் என்று பேத்திக்குச் சொல்லத் தாத்தாவுக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தெரிந்த துண்டு ஒரே நிறம்தான்.

“அப்புறம் என்னாடி ஆச்சு?” என்றேன்.

“இது எங்க தாத்தா துண்டு, வயல்ல வேலை செஞ்சவரு, ஜெயிச்சவங்களுக்குப் போத்திட்டுத்தான் நாங்க கேப்போம்னு வேல்ஷ்ல சொன்னேம்மா. பின்னாடியிருந்து ஒரு அம்மா, செவப்பு என்ன அவங்க கட்சிக்கு எழுதி வெச்ச சொத்தா, நம்ம நாட்டு ரக்பி சட்டையும் செவப்புதானேன்னு கத்துனாங்க. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அவரும் சிரிச்சாரு. சிரிச்சிட்டு, நீ யாரு மகள்னு கேட்டாரு.”

அந்த மலைப்பக்கத்துக் கிராமங்களிலும் அப்படிக் கேட்கிற வழக்கம் உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனால் என்னிடம் யாரும் கேட்டதில்லை. எந்த நாடு என்றுதான் கேட்பார்கள். நீ யார் மகள் என்று கேட்பது அந்த மண்ணில் பிறந்தவர்களை மட்டும்தான். என் மகளிடம் அதைக் கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் நான் பயந்து பயந்து ஒதுங்கிய அதே கேள்வி.

“நீ என்ன சொன்ன?”

“வேற என்ன சொல்லுவேன்? புயிட்டா நர்ஸோட மகள்னு சொன்னேன்.”

அந்த மனிதர் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டே நின்றாராம். பிறகு சொல்லியிருக்கிறார்: அவருடைய அப்பா கடைசி நாட்களில் யார் ஊட்டினாலும் வாயைத் திறக்கவில்லை. பெற்ற பிள்ளை தானே கெஞ்சியும் திறக்கவில்லை. ஒரு நர்ஸ் வந்து அதட்டினாள், அப்போது வாங்கிக்கொண்டதுதான் அவர் குடித்த கடைசிக் கஞ்சி.

நான் அழுதுவிட்டேன். எந்தப் படுக்கை, எந்த முகம் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை, அத்தனை பேரை அதட்டியிருக்கிறேன். அது இன்னும் அழுகையைக் கூட்டியது. அப்பாதான், “அழுவுறத அப்புறம் வெச்சுக்க. பள்ளிக்கூடம் என்னாச்சுன்னு கேளு” என்றார்.

பள்ளியை இந்த வருஷம் மூடமாட்டார்களாம். அடுத்த வருஷம் மறுபடி பார்ப்பார்களாம். அரசியல்வாதி எந்த ஊரிலும் அரசியல்வாதிதான், முழுசாக வாக்குக் கொடுக்கமாட்டான். ஆனால் சென்னைக்கு வா என்று நான் அவளிடம் அதற்குப் பிறகு சொல்லவில்லை. யார் மகள் என்று கேட்டால் பதில் கேட்டுத் தலையாட்ட அங்கே ஆள் இருக்கிறது. அந்த ஊரை விட்டு அவள் எதற்கு வர வேண்டும்?

துண்டு மட்டும் திரும்பி வரவில்லை. அந்த மனிதர் அதைப் போட்டுக்கொண்டே காரில் ஏறிப் போய்விட்டார், கேட்க வெட்கமாக இருந்தது என்றாள் மகள். “போத்துனதத் திருப்பிக் கேக்குறதா? வேற ஒன்னு வாங்கி அனுப்பு” என்று அப்பா என்னை விரட்டினார்.

நன்னிலம் கடைத்தெருவில் பாய் ஒருவரின் ஜவுளிக்கடை. துபாயில் பல காலம் இருந்துவிட்டு வந்து கடை போட்டவர். சிவப்புத் துண்டு கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

“கட்சிக் கூட்டத்துக்குங்களா?”

“இல்ல பாய், எம் மகளுக்கு. வேல்ஸ்ல டீச்சரா இருக்கா.”

“அப்படிங்களா, சந்தோசம். ஒங்கள இந்தப் பக்கம் பாத்ததில்லையே. நீங்க யாரு மவங்க?”

வெளிநாட்டுல இருந்தேங்க என்பது வழக்கம்போல நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

“வாய்க்காலுக்கு அந்தண்டை கீழத்தெரு. செவப்புத் துண்டோடயே திரிவாரே, போன வருசம் வரப்புல விழுந்து இடுப்ப ஒடச்சுக்கிட்டாரு. அவரு மவ.”

“அட, அவரு மவளா நீங்க!” என்று பாய் எழுந்துவிட்டார். கையில் எடுத்த துண்டைத் திரும்ப அடுக்கில் வைத்தார். “அப்ப இது வேணாம். சாயம் போவாததா உள்ள இருக்கு, எடுத்துத் தரேன், உக்காருங்க.”