கூடை நிறைந்த படம்

எந்தப் படத்தைப் பார்த்தாலும் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிற ஓவிய ஆசிரியன் நான். ஹட்டனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர்களின் ஓவியக் கண்காட்சி நடந்தபோது, நானே வரைந்த படத்தின் முன்னால் நின்று வாய்க்கு வந்ததையெல்லாம் அளந்துவிட்டேன்.

படத்தில் தேயிலை மலையின் உச்சியில் ஒருத்தி தனியாக நிற்கிறாள். சுற்றிலும் சாம்பல் நிறப் பனி. தலையில் சிவப்புத் துண்டு, முதுகில் வெறுங்கூடை. பார்வை கீழே எங்கோ. பெயர் ‘தனிமை’.

“சாம்பல் நிறம் அவள் மனதிலுள்ள சோகம். சிவப்பு, அடக்கி வைத்த கோபம். வெறுங்கூடை, வெறுமையான வாழ்க்கை” என்றேன். வந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஒருத்தி என் மனைவி. நோர்வூட் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ரோட்டு வளைவில் நின்று போனில் எடுத்த படத்தைப் பார்த்து வரைந்தேன். கூடையை மட்டும் நானாகக் காலியாக்கினேன். அவளிடம் சொல்லவில்லை, வந்து பார்த்துப் பூரித்துப்போகட்டும் என்றிருந்தேன்.

மத்தியானம், கூட வேலை செய்யும் இரண்டு பேரோடு வந்தாள்.

“அக்கா, இது நம்ம மேட்டு மலதானே? அய்யோ, தலையில என் துண்டு!” என்று ஒருத்தி குதித்தாள். அன்றைக்கு என் மனைவியுடையது நனைந்துவிட்டதாம், இரவல் வாங்கிக் கட்டியதாம். அடக்கி வைத்த கோபம் அதோடு போயிற்று.

மனைவி சிரிக்கவில்லை. கூடையையே பார்த்தாள்.

“என்னங்க, கூட காலியா இருக்கு?”

“அது... வெறுமை...”

“நெரைய முடிச்சுட்டு மொத ஆளா ஏறி நிக்கிறேன். மத்தவங்க இன்னும் அந்தப் பக்கம் பனிக்குள்ள எடுத்துக்கிட்டு இருக்காங்க. அதான் தனியா தெரியிறேன். பாக்குறவங்க, நாள் பூரா சும்மா நின்னுட்டு வந்தவள்னுல்ல நெனைப்பாங்க?”

நிரை என்பது ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுக்கும் தேயிலை வரிசை. அதை முதலில் முடிப்பவள் என்று அவளுக்குத் தோட்டத்தில் ஒரு பேர் உண்டு. அந்தப் பேரை நாலு பேர் பார்க்கிற இடத்தில் நானே கெடுத்திருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது.

அங்கேயே வண்ணப் பெட்டியைத் திறந்து பச்சையைக் குழைத்தேன்.

“இன்னும் கொஞ்சம். வாய் வரைக்கும் வைங்க” என்றாள்.

கொழுந்து கூடைக்கு மேல் பிதுங்கியதும்தான் அவள் முகம் தெளிந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே சாம்பல் பனி இப்போது குளுகுளுவென்று இருந்தது. சோகமாக நின்றவள் இடுப்பில் கை வைக்காத குறையாக நின்றாள். ‘தனிமை’ என்ற சீட்டை நானே கிழித்து எடுத்தேன்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கியிருந்தது. “அப்ப கீழ எதத்தான் அவ்வளவு ஏக்கமா பாத்த?”

“நீங்கதானே ரோட்டுல நின்னீங்க, போனத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு. கையாட்டுவீங்கன்னு பாத்தேன். போயிட்டீங்க.”

தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மறுநாள் அதே வளைவில் நின்று, ஒன்றுமே தெரியாத பனியைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினேன். மேலே ஒரு கூட்டமே சிரித்தது.

“போதுங்க, வீட்டுக்குப் போங்க!” என்று ஒரு குரல் மட்டும் இறங்கி வந்தது.