ஒரு பல் வித்தியாசம்

மீராசாகிபு ஆலங்குடா அகதி முகாமில் இருபது வருஷத்துக்கு மேல் குடியிருந்தார். அத்தனை காலத்தில் வேலிக்கு ஒரு பச்சைக் கதியால்கூட ஊன்றியதில்லை. அயல்வீட்டு வேலிகளில் பூவரசு தழைத்து நிழல் கொடுத்தது. அவருடைய வேலி மட்டும் காய்ந்த தடியும் கிடுகும். வருஷாவருஷம் கறையான் தின்னும், வருஷாவருஷம் மனுஷன் குந்தியிருந்து புதிதாகக் கட்டுவார். இது என்ன வீண் பாடு மாமா என்று மருமகள் றிஸானா கேட்டால் ஒரே பதில்தான்.

"பச்சைத் தடி ஊண்டினா வேர் பிடிச்சிரும் புள்ள. நாம இங்க வேர் பிடிக்க வந்த ஆக்களா?"

தொண்ணூறாம் ஆண்டில், ஊரை விட்டுப் போ என்று துவக்கேந்திய இயக்கக்காரர் சொன்னபோது, முசலிப் பக்கத்திலிருந்து காட்டுப் பாதையால் நடந்தே புத்தளம் வந்தவர் அவர். யுத்தம் முடிந்து அந்தப் பாதை திறந்ததும் முதல் வேலையாகப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வீடு இருந்த இடத்தில் காடு. கிணறு தூர்ந்து கிடந்தது. பள்ளிவாசல் மையவாடி மட்டும் அப்படியே இருந்தது, அவருடைய உம்மாவின் தலைமாட்டு மீசான் கல்லும் நின்றது. திரும்பும் வழியில் பஸ் இரண்டு தரம் சேற்றில் புதைந்து, கிழவர் முழங்கால் சேற்றோடு வீட்டுக்கு வந்தார். அன்று மகன் மக்பூலைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"மகன், நான் மவுத்தானா என்னைய உம்மாட காலடியில கொண்டு போய் அடக்கோணும். நடந்து வந்த அதே வழியால. அனுராதபுரத்தச் சுத்திக் கொண்டு போயிராத. சுத்து வழியால வீட்டுக்குப் போறதுக்கு நான் என்ன களவாணியா?"

மக்பூல் மெக்கானிக். அவனிடம் ஒரு பழைய ஜப்பான் பிக்கப் இருந்தது. நாலு சக்கரமும் இழுக்கும் என்று பெயர்தான். முன் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாகத் தொங்கும் ரகம் அது. ரோட்டில் ஓட்டச் சுகம், பள்ளத்தில் இறங்கினால் வயிறு மண்ணில் இடிக்கும். அந்தக் காட்டுப் பாதைக்கு அது உதவாது. முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே பீஸ் அக்சல் போட்டு, கனமான ஸ்பிரிங் பட்டை வைத்து, வண்டியை ஒரு முழம் உயர்த்த வேண்டும் என்று அவன் முடிவு கட்டினான். வாப்பாவின் மையத்தைக் கொண்டு போகவென்றே ஒரு வாகனம்! வாயால் யாரும் சொல்லவில்லை, ஆனால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கிழவரும் தினமும் கராஜுக்கு வந்து, தன் கட்டிலைத் தட்டிப் பார்ப்பவர் போல அதைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

முன் அக்சலை எத்தாளை ஊர் மீன் யாவாரி பஸ்தியான் கொடுத்தான். வள்ளம் இழுத்து இழுத்து உப்பில் உக்கிப்போன அவனுடைய ஜீப்பிலிருந்து கழற்றியது. பின் அக்சல் வேறொரு வண்டியுடையது. மக்பூல் பழைய முன்பகுதியை வெட்டி எறிந்து, சேசிஸில் புதிய தாங்கிகளை ஒட்டி, ஸ்டியரிங் தண்டை வளைத்து, மாதக்கணக்கில் வியர்வை சிந்தினான். எல்லாம் பூட்டி முடிந்த நாளில் பஸ்தியான் வந்து கீழே குனிந்து பார்த்தான்.

"மக்பூல், ரெண்டு டிப்பும் வேற வேற வண்டியிட. பல்லு எண்ணினியா?"

எண்ணியிருந்தான். அதுதான் கொடுமை. அக்சலின் நடுவிலிருக்கும் டிப் பெட்டிக்குள் சுழலும் சின்னப் பற்சக்கரத்தில் முன்னுக்குப் பத்துப் பல், பின்னுக்குப் பதினொன்று. அப்படியிருந்தால் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே வேகத்தில் ஓடாது. ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும்.

"மணல் பல்லு எண்ணிப் பாக்காது மச்சான்," என்று சிரித்தான் மக்பூல்.

உண்மைதான். மணலிலும் சேற்றிலும் சக்கரம் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். ஆலங்குடாக் கடற்கரையில் அந்த வண்டி வள்ளங்களை ஆட்டுக்குட்டி போல இழுத்தது. தார் ரோட்டில் மட்டும் முன் சக்கரங்களை விடுவித்துவிட்டு ஓட்டினால் சரி. அதற்கு இறங்கி, கியர்த் தடியைத் தள்ளி, முன் சக்கரம் இரண்டின் பூட்டையும் கையால் திருப்ப வேண்டும். சரியான பற்சக்கரம் கிடைத்ததும் மாற்றுவோம் என்று வைத்திருந்தான். நாளை நாளை என்று நாள் போனது.

மீராசாகிபு ஒரு நாள் விடியற்காலை சுபஹு நேரத்தில் மவுத்தானார். குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுகை முடிந்து புறப்பட நடுப்பகல் லுஹர் தாண்டிவிட்டது. வேனில் அனுராதபுரத்தால் போவோம் என்று சொந்தக்காரர் சொன்னார்கள். மக்பூல் கேட்கவில்லை. மையத்து வைத்த சந்தூக்கைத் தன் பிக்கப்பில் ஏற்றினான். ஏறக்கூடியவர்கள் ஏறினார்கள், மிச்சப் பேர் பஸ்தியானின் மீன் லொறியில் பின்னால் வந்தார்கள். முகாமின் மணல் ஒழுங்கையை நாலு சக்கரத்தில் கடந்து, புதிதாய்ப் போட்ட காப்பெட் தார் ரோட்டில் ஏறும் இடத்தில் அவன் பிரேக் பிடித்தான். இறங்கி முன் சக்கரங்களை விடுவிக்க வேண்டிய இடம் அது.

பின்னாலிருந்து கூரையில் தட்டினார்கள்.

"ஏன் நிப்பாட்டுற? ஜனாஸாவ நடுவழியில நிப்பாட்டப்படாது. போ!"

மையத்து காத்திருக்க, குனிந்து சக்கரத்தைத் திருகிக்கொண்டிருப்பது மரியாதையில்லை என்று அவனுக்கும் பட்டது. கண் வேறு கலங்கியிருந்தது. கொஞ்சத் தூரம்தான் தார், பிறகு வழி முழுக்கச் சேறுதானே, கிடக்கட்டும் என்று கியரைப் போட்டான். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். அவனுக்குப் புத்தியே நுழையவில்லை.

யுத்தம் முடிந்து வந்த நன்மைகளில் ஒன்று அந்த ரோடு. கண்ணாடி போல இருந்தது. ஒரு இடத்தில்கூடச் சக்கரம் சறுக்கவில்லை. பாலாவிச் சந்தி தாண்டியதும் வண்டி முனகத் தொடங்கியது. பல் வித்தியாசம்தான் என்று மக்பூலுக்கு விளங்கியது. கியர்த் தடியைப் பிடித்து இழுத்தான், இறுகிவிட்டிருந்தது. அடியில் ஒரு வெடிச் சத்தம். கியர்ப் பெட்டி பிளந்து, ஒயில் தாரில் ஓடியது. வண்டி அப்படியே குத்திக்கொண்டு நின்றது.

கீழே படுத்துக் கிடந்து அவன் பட்ட பாடெல்லாம் வீண். மாலை அசருக்குப் பாங்கு சொன்னது. பின்னேரத்தோடு வனக்காவலர் காட்டுப் பாதையின் கேட்டை மூடிவிடுவார்கள், மீன் லொறியால் அந்தச் சேற்றைத் தாண்டவும் முடியாது. ஒயில் வழிந்த கையோடு மக்பூல், கூட வந்த பள்ளிவாசல் ஹஸரத்திடம் கெஞ்சினான்.

"அனுராதபுரத்தாலயாவது போவோம் ஹஸரத். ராவானாலும் போய்ச் சேருவோம்."

"சுபஹுக்கு மவுத்தான மையத்து மகன். இனியும் வெச்சிருக்கிறது நல்லமில்ல. எல்லா மண்ணும் அல்லாஹ்ட மண்தான்."

எல்லா மண்ணும் ஒன்றென்றால் இந்த மனுஷன் ஏன் இருபது வருஷம் காய்ந்த தடியோடு மாரடித்தார்? மக்பூல் இதை மனசுக்குள்ளேயே கேட்டுக்கொண்டு ஒயில் கையைச் சாரத்தில் துடைத்தான். பஸ்தியான் ஓடி ஓடித் தண்ணீர் அள்ளி லொறியைக் கழுவினான். எவ்வளவு கழுவியும் மீன் வெடில் நாற்றம் போகவில்லை. அந்த லொறியில்தான் மீராசாகிபு ஆலங்குடாவுக்குத் திரும்பி வந்தார். பொழுது சாய்ந்து மஃரிபு ஆவதற்கு முன் அடக்கிவிட்டார்கள்.

அல்லாஹ்வின் நாட்டம் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். பஸ்தியான் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அதைத்தான் மக்பூலால் தாங்க முடியவில்லை. இப்போது கற்பிட்டிப் பக்கத்தில் யார் பிக்கப்புக்கு ஒரே பீஸ் அக்சல் போடுவதென்றாலும் மக்பூலைத்தான் தேடி வருகிறார்கள். அவன் முதலில் இரண்டு டிப்பையும் திறந்து பல் எண்ணுவான், பிறகு இன்னொரு தரம் எண்ணுவான். மக்பூல் நானாவைப் போலக் கவனமான ஆள் இல்லை என்று ஊர் மெச்சுகிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்கு வாய் கசக்கிறது.

அடக்கிய அன்று, வழக்கப்படி யாரோ அயல்வேலியில் ஒரு பச்சைக் கம்பை முறித்து வந்து தலைமாட்டில் ஊன்றித் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். பூவரசு. மாரி மழை பெய்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மக்பூல் வாப்பாவின் கப்றை ஸியாரத் செய்யப் போனபோது அது துளிர்த்து நின்றது. சுற்றிலும் யாருமில்லை. இரண்டு கையாலும் பிடித்து அதை இழுத்துப் பார்த்தான். வரவில்லை.