மூன்று அங்குலம் தாழ்ந்த கல்

“உமது மட்டக் கணக்குப் புத்தகம் ஏற்கப்படவில்லை. இரண்டு கற்களுக்கிடையே மூன்று அங்குலம் பொருந்தவில்லை. உள்ளூர் சர்வேயரின் கையொப்பத்துடன் சரியான புத்தகம் ஜூலை 31-க்குள் வராவிட்டால், பட்டப் பரீட்சைக்கு உம்மை அனுமதிப்பதற்கில்லை.”

1904 ஜூன் 11, சனிக்கிழமை தேதியிட்டு, சென்னையில் நான் சிவில் இன்ஜினியரிங் படித்த கல்லூரியிலிருந்து வந்த கடிதம் இது. மூலம் ஆங்கிலம், தமிழாக்கம் என்னுடையது. சகோதர சகோதரிகளே, மூன்றரை வருடமாக இந்தக் காகிதத்தை என் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன்.

என் தகப்பனார் சாமுவேல் வட ஆற்காட்டிலிருந்து தங்கவயலுக்கு வந்தவர். சுரங்கத்துக்குள் கூரை சரியாமல் மரமுட்டு வைக்கும் வேலை. என் தாய் முன்பே இறந்துவிட்டார். எங்கள் ஆண்டர்சன்பேட்டைச் சபையில் அதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை. கல்லூரியின் முதல் இரண்டு வருடப் படிப்பான எஃப்.ஏ. முடித்து 1901-இல் நான் இன்ஜினியரிங் சேர்ந்தபோது, அப்பா சபையில் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னார். அதற்கு முன்போ பின்போ அவர் சபையில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

கடைசி வருட விடுமுறையில் ஒவ்வொரு மாணவனும் உயரம் பதிவான இரண்டு கற்களுக்கிடையே மட்டம் எடுத்து, அதாவது வழியெங்கும் தரையின் உயரத்தை அளந்து எழுதி, வர வேண்டும். நான் பேத்தமங்களா ஏரியின் மதகுக் கல்லில் தொடங்கி, அப்பா வேலை செய்த சுரங்கத்துக்கு நேர் மேலே இருந்த இன்ஜின் வீட்டு மூலைக் கல்லில் முடித்தேன். சுமார் ஆறு மைல். வழியில் தரையோடு ஒட்டிய பாறைகளில் குறி வெட்டி, ஒவ்வொன்றின் உயரத்தையும் எழுதினேன். ஷிப்ட் இல்லாத நாட்களில் அப்பாவே அளவுகோலைப் பிடித்தார். மே 7-ஆம் தேதி மூலைக் கல்லுக்கு வந்து சேர்ந்தோம். கல்லில் வெட்டியிருந்த எண்ணை விட அது மூன்று அங்குலம் தாழ்ந்திருந்தது. மறுபடியும் முதலிலிருந்து எடுத்தேன். அதே மூன்று அங்குலம்.

அப்பா அளவுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார்: “கல்லு எறங்கிச்சுடா. அடியில இருக்கறத எல்லாம் எடுத்துட்டோம். மேல இருக்கறது எத்தினி நாளு நிக்கும்?”

கல் இறங்காது, அதை நட்டவர்கள் இன்ஜினியர்கள் என்று நான் சொன்னேன்.

“நீ படிச்சவன். நீ சொன்னா சரி” என்றார்.

சர்வேயர் துரைராஜ் எங்கள் சபையில் பாட்டு நடத்துகிறவர். கையொப்பத்துக்கு அவரிடம்தான் போக வேண்டும். தன் ஆபீசில் உட்கார்ந்தபடி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். “மூணு அங்குலம்தான தம்பி? வழியில பத்து எடத்துல கொஞ்சம் கொஞ்சமா போட்டு ஒப்பேத்திடு. எல்லாரும் பண்றதுதான். மெட்ராஸ்லருந்து எவன் வந்து அளக்கப்போறான்?”

நான் தயங்கித் தயங்கி, கல் இறங்கியிருக்கலாம் என்று அப்பா சொல்வதாகச் சொன்னேன். அவர் பக்கத்திலிருந்த குமாஸ்தாக்களைப் பார்த்துச் சிரித்தார். “கல்லு இன்னா, காலு மொளச்சு எறங்கிப் போச்சா? முட்டுக்காரன் மவன் இன்ஜினியர் ஆனா இப்படித்தான்.”

கையொப்பம் கிடைக்கவில்லை. கையொப்பமில்லாமலே புத்தகத்தைச் சென்னைக்கு அனுப்பினேன். அப்பா சொன்ன காரணத்தை அதனுடன் எழுதவில்லை. ஒரு முட்டுக்காரர் சொன்னதைக் கல்லூரிக்கு எழுத வெட்கப்பட்டேன். இதைச் சபைக்கு முன் அறிக்கையிடுகிறேன்.

கடிதத்தோடு புத்தகமும் திரும்பி வந்தது. பத்து எண்களை மாற்றினால் போதும். நாள்தோறும் பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிடிவாதம் பெருமையின் பிள்ளை என்று சபை மூப்பர் ஒருவர் சொல்லியனுப்பினார். அப்பா மாற்று என்றும் சொல்லவில்லை, மாற்றாதே என்றும் சொல்லவில்லை. ஜூன் 26, ஞாயிற்றுக்கிழமை, முழங்காலில் நின்றேன். “ஆண்டவரே, நான் பார்க்காததை என் கை எழுதாதபடி காத்தருளும். எது உண்மை என்று காட்டும்.” இரண்டு விண்ணப்பங்கள். முதலாவதோடு நிறுத்தியிருக்கலாம் என்று பிற்பாடு பலமுறை நினைத்தேன்.

ஜூலை 5, செவ்வாய், காலை பத்து மணி சுமாருக்குத் தரை ஒரு முறை தூக்கிப் போட்டது. அலமாரிப் பாத்திரங்கள் விழுந்தன. ஏர் பிளாஸ்ட் என்று தொழிலாளர் சொல்லும் பாறை வெடிப்பு. ஓடிப் போய்ப் பார்த்தபோது இன்ஜின் வீட்டுச் சுவர் மேலிருந்து கீழே பிளந்திருந்தது. அப்பா கீழே இருந்தார். வெள்ளிக்கிழமைதான் அவரை மேலே கொண்டுவந்தார்கள்.

அடக்கத்தன்று அதே மூப்பர் என் தோளைத் தொட்டு, “உன் ஜெபத்துக்குப் பதில் வந்துச்சு பாத்தியாப்பா” என்றார். அவரை மன்னிக்கும் கிருபைக்காக இன்றும் ஜெபிக்கிறேன். இன்னும் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் மதகுக் கல்லிலிருந்து மறுபடி மட்டம் எடுக்கும்படி துரைராஜுக்குச் சுரங்கத்தாரின் உத்தரவு வந்தது. வழிக் குறிகளின் உயரம் என் புத்தகத்தில் மட்டுமே இருந்தது. துரைராஜ் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றே அதைக் கேட்டு வாங்கிப் போனார். என் குறிகள் ஒவ்வொன்றும் பொருந்தின. கடைசி மூலைக் கல் மட்டும் தாழ்ந்திருந்தது, இப்போது ஏழு அங்குலம். வெடிப்புக்கு முன்பே அது இறங்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு என் புத்தகமே சாட்சியாயிற்று. அந்தக் கல்லுக்கு அடியில் வேலை நிறுத்தப்பட்டது. ஜூலை 20-ஆம் தேதி துரைராஜ் கையொப்பமிட்டார். மை காயும் வரை ஊதினார். 

நான் 1905-இல் தேறினேன். ஸ்தோத்திரம் சொல்ல ஆளில்லை.

என் புத்தகத்தைச் சரியாக்குவதற்காகக் கர்த்தர் பாறையை உடைத்தார் என்று நான் நம்பவில்லை. அப்படி நம்பினால் இனி ஜெபிக்க என்னால் முடியாது. ஆனால் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார் என்பதற்கு நான் சாட்சி. அந்தப் பத்து எண்களை மாற்றியிருந்தால், வெடிப்பினால்தான் கல் இறங்கியது என்று எண்ணி, முட்டுகளைச் சீராக்கி அதே இடத்தில் மறுபடி ஆட்களை இறக்கியிருப்பார்கள். அதற்காக அவருக்கு நன்றி செலுத்துகிறேன். இப்போது ரோடு வேலையில் இருக்கிறேன். மண் வெட்டுகிறவர் ஏதாவது சொன்னால், அவர் பெயரோடும் தேதியோடும் முதலில் அதை எழுதிவிட்டுத்தான் மட்டக் கருவியை ஊன்றுகிறேன். உங்கள் கணக்கும் பொருந்தாத நாள் வரும். பொருந்தச் செய்யும்படி கேட்காதீர்கள். பொய்யாய்ப் பொருத்தாத கையைக் கேளுங்கள். தருவார். அது இலகுவாயிருக்கும் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.

ஒன்று பாக்கி. அன்று கீழே இறங்குமுன் அப்பா அந்த ஷிப்டின் மேற்பார்வையாளரான கேப்டனிடம், மேலே கல் இறங்குகிறது, இன்றைக்கு ஆட்களை அந்த இடத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று சொன்னதாக, உயிர் தப்பிய ஒருவர் என்னிடம் கூறினார். ஷிப்ட் அறிக்கைப் புத்தகத்தைக் காட்டும்படி மூன்று முறை எழுதினேன். பதில் இல்லை. வேறு சாட்சியும் இல்லை. சொன்னார் என்று எழுத என் கை துடிக்கிறது. ஆனால் நான் அதைப் பார்க்கவில்லை. இதை எழுதும் இன்று, 1907 டிசம்பர் 15 வரை, அது உறுதிப்படவில்லை.